ஐந்துக்குக் குறைவு

காரணம் கேட்கமாட்டார்களாம்.
ஸ்காட்லாந்துச் சட்டம் அப்படி.
யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும்
இருபது வேலை நாளுக்குள் பதில்.
அந்த ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது.

பீட்டர்ஹெட் மீன் ஆலையில்
இரவுப்பணி முடிந்த கையோடு,
கையுறை கழற்றியும் போகாத ஹாடக் வாடையோடு
பஸ் நிறுத்தத்தில் நின்று கைப்பேசியில் எழுதினேன்:

அன்புடையீர்,
உயிரியல் மாணவர்களுக்கான புள்ளியியல், இரண்டாம் ஆண்டு.
ஒவ்வொரு தரத்திலும் எத்தனை பேர்?
பெயர் வேண்டாம், எண் போதும்.
இப்படிக்கு, ரோனா பக்கன்.

எழுதாமல் விட்டது:
தோற்றவர்களில் ஒருத்தி நான்.
கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம்தான்.
இன்னொரு கையிலும் புண் உண்டா என்று பார்க்கக்
கண்ணாடி கேட்டேன்.

முடிவு வந்த அன்று வாட்ஸப் குழுவில்
'எல்லாரும் பாஸ்தானே?' என்று கேட்டான் டூகல்.
கட்டைவிரல்கள் எழுந்தன,
ஒன்றன்மேல் ஒன்றாக, ராத்திரி பதினொன்றுவரை.
எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு.
கடைசி விரல் என்னுடையது.

ஒன்பதாம் நாள் ஒரு கேள்வி வந்தது.
தகவல் உரிமை அலுவலர், எஃபி ஸ்ட்ராகன்:
'மறுதேர்வுக்கு முன்பா, பின்பா?
தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.'
முன்பு, என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன்.
மறுதேர்வு இன்னும் நடக்கவே இல்லை என்பதை
அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு பெரிய வெள்ளி வந்தது. கணக்கில் சேராத நாள்.
கடல்மூட்டம் மூன்று நாள் துறைமுகத்தை விழுங்கிக்கொண்டு
துப்ப மறுத்தது.
நான் மீனின் முதுகெலும்பை இழுத்தபடி
நாட்களை எண்ணினேன்.

பத்தொன்பதாம் நாள் அட்டவணை.

மொத்தம் 38
ஏ 6
பி 14
சி 11
டி *
தோல்வி *

கீழே பொடி எழுத்தில்:
உடுக்குறி என்றால் ஐந்துக்குக் குறைவு, பூஜ்யம் அல்ல.
தனிநபர் யாரென்று தெரியாதிருக்க
மறைக்கப்பட்டுள்ளது.

அதாவது என்னை யாரும் கண்டுபிடித்துவிடாதபடி
என்னிடமிருந்தே மறைத்திருக்கிறார்கள்.
எனக்கு இதுவரை யாரும் நட்சத்திரம் போட்டதில்லை,
நர்சரியில்கூட.

சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.
அப்புறம் ஏதோ உதைத்தது.
சம்பள உறையின் பின்பக்கத்தில் எழுதினேன்.

ஆறும் பதினாலும் இருபது, பதினொன்று சேர்த்தால் முப்பத்தொன்று.
முப்பத்தெட்டில் மிச்சம் ஏழு.
இரண்டு உடுக்களும் சேர்ந்து ஏழு.
ஒன்றும் நாலைத் தாண்டக்கூடாது.
அப்படியானால் மூன்றும் நாலும்,
இல்லையென்றால் நாலும் மூன்றும்.
ஒன்றும் ஆறும் ஆகாது, இரண்டும் ஐந்தும் ஆகாது.
எப்படிப் புரட்டினாலும்
என்னோடு இன்னும் இருவராவது.

இந்தப் பாடத்தில்தான் எனக்கு முப்பத்தொன்பது மதிப்பெண்.

எஃபி ஸ்ட்ராகனுக்கு எழுதலாமா,
உங்கள் திரைச்சீலை மெல்லியது என்று?
ஒருவேளை அவருக்கே தெரியுமோ.
ஒருவேளை வெள்ளிக்கிழமை மாலை அவசரமோ.
நன்றி, என்று மட்டும் அனுப்பினேன்.

குழுவைத் திறந்தேன்.
முப்பத்தெட்டு விரல்களும் அப்படியே நிமிர்ந்து நின்றன,
குறைந்தது மூன்று பொய்.
ஒன்றைத்தான் எனக்குத் தெரியும்.
மற்றவை யாருடையவை என்று
ஒவ்வொரு முகமாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கி
நாலாவது முகத்தில் நிறுத்திக்கொண்டேன்.
அந்தப் பொடி எழுத்து
அவர்களுக்காகவும்தானே எழுதப்பட்டது.

ஆகஸ்டில் மறுதேர்வு, காலை ஒன்பதரை.
கடைசியாக நுழைந்து கடைசி வரிசையில்
உட்கார நினைத்திருந்தேன்.
ஆனால் எங்கள் ஊரிலிருந்து அபர்தீனுக்கு
அந்த நேரத்தில் தோதான பஸ் ஒன்றுதான்.
எட்டே காலுக்கே கொண்டுபோய் இறக்கிவிடும்.

மண்டபக் கதவுக்கு எதிரே ஒரு பெஞ்சு உண்டு.
உட்கார்ந்திருப்பேன்.
வருகிறவர்கள் வரட்டும்.